துருக்கி நாடகமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

 

"ஹஸ்ரத், எர்துருல் நாடகம் பார்க்கலாமா, கூடாதா?" சில வருடங்களாக என்னை விடாமல் தொடரும் கேள்வி இது. மத்ரஸாவுக்குப் பிள்ளையைக் கொண்டு வந்து விடும் தாய்மார் கேட்கிறார்கள். பயான் முடிந்தால் திரைக்கு அப்பாலிருந்து துண்டுக் கடதாசியில் எழுதி அனுப்புகிறார்கள். ஒரு சகோதரி கேள்வியோடு பதிலையும் சேர்த்தே எழுதியிருந்தார்: "சன் ரீ.வி. நாடகங்களை விட இது எவ்வளவோ மேல்தானே?"

இசை பற்றியும், அந்நிய ஆண் பெண் கலந்து நடிப்பது பற்றியும் உலமாக்கள் சொல்லியிருப்பவை உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அவற்றை இங்கு திருப்பி எழுதப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள். பார்க்கும் வீட்டில் பிள்ளையின் மனதில் என்ன படிகிறது என்பதைத்தான் இம்மாதம் பேச விரும்புகிறேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். துருக்கியின் அரச தொலைக்காட்சி 2014 டிசெம்பரில் ஆரம்பித்து 2019 மே மாதம் வரை ஒளிபரப்பிய தொடர் இது. ஐந்து பருவங்கள், 150 பாகங்கள். ஒரு பாகம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். 13ஆம் நூற்றாண்டில் அனத்தோலியா என்ற இன்றைய துருக்கி மண்ணில் கூடாரமடித்து, ஆடு மேய்த்து வாழ்ந்த காயி குலத்தின் தலைவர்தான் எர்துருல். அவருடைய மகன் உஸ்மானின் பெயரால்தான் உஸ்மானியப் பேரரசு வந்தது. 2020ஆம் ஆண்டு நோன்பில் பாகிஸ்தான் அரச தொலைக்காட்சி இதனை உருது மொழியில் ஒளிபரப்பியது. அப்போதைய பிரதமர் இம்ரான் கானே மக்களைப் பார்க்கும்படி சொன்னார். நம் நாட்டிலோ தமிழ் எழுத்துப் போட்ட பிரதிகள் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி பரவின. உஸ்மானைப் பற்றிய அடுத்த தொடர் 2019 நவம்பரில் ஆரம்பமாகி, அதுவும் பல வருடங்கள் நீண்டது.

அந்த 2020 நோன்பை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. பள்ளிவாசல்கள் பூட்டு. பள்ளிக் கஞ்சி இல்லை, தராவீஹ் வீட்டு முன் அறையில். அதே ஏப்ரல் மாதத்தில்தான் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி கடைசியில் அனுமதி கிடைத்து, ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா மண்ணுக்குள் போகும்வரை நம் சமூகம் பட்டது சொல்லி முடியாது. அதற்கு முந்திய வருடம் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்து ஊர்களிலும் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அதற்கும் முந்திய வருடம் திகன. வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்க முடியாமல் தலை குனிந்திருந்த வீடுகளுக்குள் எர்துருல் குதிரையில் வந்து இறங்கினார். யாருக்கும் தலை குனியாத ஒரு முஸ்லிமைப் பிள்ளைகள் கண்டார்கள். அதுவரை அவர்கள் திரையில் கண்ட முஸ்லிம் யார்? குண்டு வைப்பவன், கடத்தல்காரன், அல்லது கதாநாயகனுக்காக உயிரைக் கொடுத்துவிட்டு இடைவேளைக்கு முன்பே செத்துப் போகும் நண்பன். ஆகவே இந்த நாடகத்தை விரும்பியதற்காக எந்தத் தாயையும் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். அதில் உணவுக்கு முன் பிஸ்மில்லாஹ் கேட்கிறது. தாயின் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது. பெரியவர்கள் கூடி மஷூரா செய்தே முடிவெடுக்கிறார்கள். பெண்கள் தறியில் கம்பளம் நெய்து குலத்தைத் தாங்குகிறார்கள். நெஞ்சில் கை வைத்து "ஐவல்லாஹ்" சொல்லும் பழக்கம் நம் பையன்களுக்கும் தொற்றிவிட்டது. வகுப்பில் ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்டால் அதற்கும் ஐவல்லாஹ்தான்!

ஆனால் சன் ரீ.வி.யை விட மேல் என்று எழுதிய சகோதரி ஒன்றைக் கவனிக்கவில்லை. குதிரையும் வாளும் கூடாரத்துக்கு வெளியே. உள்ளே நடப்பது என்ன? முதல் பருவத்தில் மூத்த மருமகள் செல்ஜான் இளையவளுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்கிறாள். இரண்டாம் பருவத்தில் ஐதோலுன் என்பவள் சொந்தக் கணவனுக்கே நஞ்சு வைக்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பது, கோள் மூட்டுவது, கண்ணை உருட்டுவது எல்லாம் உண்டு. சேலையை மாற்றிக் கட்டினால் சென்னையில் எடுத்த நாடகம் என்றே சொல்லலாம்.

இனி, சரித்திரத்துக்கு வருவோம். அரபுக் கல்லூரியில் தாரீக் பாடம் படித்து, இன்று அதையே படிப்பிக்கும் எனக்கு இதுதான் பெரிய தலையிடி. இஸ்லாமிய வரலாறு வினாத்தாளில் பிள்ளைகள் நாடகத்திலிருந்து விடை எழுதுகிறார்கள்.

எர்துருல் என்று ஒருவர் இருந்தார் என்பதில் சந்தேகமில்லை. மகன் உஸ்மான் வெளியிட்ட நாணயத்தில் தந்தையின் பெயர் இருக்கிறது. வடமேற்கு அனத்தோலியாவிலுள்ள ஸோயுத் என்ற ஊரில் அவருடைய கப்று என்று ஒரு ஸியாரம் இருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையைச் சொல்லும் உஸ்மானிய நூல்கள் எல்லாம் அவருக்குப் பின் நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டவை. அவருடைய தந்தை சுலைமான் ஷாவா, குந்துஸ் அல்ப் என்பவரா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. தொடரை எழுதித் தயாரித்த மெஹ்மத் பொஸ்தா என்பவரே, இந்தக் காலத்தைப் பற்றிக் கிடைக்கும் செய்தி நான்கைந்து பக்கத்தைத் தாண்டாது என்று சொல்லியிருக்கிறார். நான்கைந்து பக்கம் எங்கே, 150 பாகம் எங்கே? கணக்குப் போட்டால் 300 மணித்தியாலம் வருகிறது. மீதி முழுவதும் கற்பனை. கற்பனை செய்ததை அவர் மறைக்கவில்லை. நாம்தான் அதைச் சரித்திரம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

ஓர் உதாரணம். நாடகத்தில் ஸஅதுத்தீன் கோபெக் என்றொரு வஸீர் வருகிறான். (கோபெக் என்றால் துருக்கி மொழியில் நாய். அது தெரிந்த நாளிலிருந்து எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.) அவன் உண்மையில் வாழ்ந்தவன். ஸல்ஜூக் அரசில் பலரைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றப் பார்த்தவன். நாடகத்தில் அவனுடைய தலையை எர்துருல் வெட்டுகிறார். வரலாற்றில், அவனால் தனக்கே ஆபத்து என்று கண்ட ஸுல்தான் இரண்டாம் கைகுஸ்ரவின் உத்தரவில், 1238 அளவில் அவன் கொல்லப்பட்டான். அங்கே எர்துருலுக்கு வேலையே இல்லை. அந்த ஸுல்தானுக்கும் விடிவு வரவில்லை. 1243இல் கோஸதாக் என்ற இடத்தில் மங்கோலியரிடம் ஸல்ஜூக்குகள் படுதோல்வி அடைந்து, கப்பம் கட்டுபவர்களானார்கள். வென்ற தளபதியின் பெயர் பாய்ஜு நோயன். நோயன் என்ற பெயரை நாடகம் பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திரையில் அவன் எர்துருலிடம் அடிமேல் அடி வாங்குகிறான். வரலாற்றில் வென்றவன் அவன். நாம் ஏன் தோற்றோம் என்று படிக்க வேண்டிய இடத்தில், நாம் வென்றதாகப் பிள்ளை படித்துக்கொண்டு வருகிறது.

இப்னு அரபி அவர்களும் அப்படியே. அவர்கள் 1165இல் ஸ்பெயினின் முர்ஸியாவில் பிறந்து, அனத்தோலியாவில் சில காலம் வாழ்ந்து, 1240இல் திமிஷ்கில் வபாத்தானவர்கள். (அவர்களுடைய நூல்களைப் பற்றி உலமாக்களிடையே உள்ள வாதம் தனி. அது வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் ஆசிரியர் அறையை நிறைக்கும் விடயம். இங்கே வேண்டாம்.) அவர்கள் எர்துருலைச் சந்தித்ததற்கு ஆதாரமில்லை. ஆனால் நாடகத்தில் எர்துருல் அகப்பட்ட இடத்தில் எல்லாம் அவர்கள் வந்து நிற்கிறார்கள். உங்கள் பெண்பிள்ளைகளின் கண்ணை நனைத்த ஹலீமாவோ, ஸல்ஜூக் இளவரசி என்பதே கதை. உஸ்மானின் தாயின் பெயரை உறுதியாகச் சொல்லும் அக்காலத்து ஆதாரம் கிடையாது. அந்த வேடத்தில் நடித்த பெண்மணி வேறு உடையில் தன் படத்தை வெளியிட்டபோது, பாகிஸ்தானிலிருந்து எத்தனை பேர் "ஹலீமா இப்படி உடுக்கலாமா" என்று அவருக்குப் புத்தி சொல்லப் போனார்கள்! நடிப்பவர் வேறு, பாத்திரம் வேறு என்பதே வளர்ந்தவர்களுக்கு மறந்து போகிறது என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி?

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். துருக்கியோடு அரபு நாடுகள் சில பிணங்கிய காலத்தில், 2018 மார்ச்சில், எம்.பீ.சீ. என்ற பெரிய அரபுத் தொலைக்காட்சி நிறுவனம் துருக்கி நாடகங்களை நிறுத்தியது. 2019 நவம்பரில் "மமாலிகுன் னார்", அதாவது நெருப்பின் இராச்சியங்கள் என்ற தொடரை ஒளிபரப்பியது. அதில் உஸ்மானியர்கள் இரத்த வெறியர்கள். ஸுல்தான் ஸலீம் 1517இல் எகிப்தைப் பிடித்து, கடைசி மம்லூக் ஸுல்தான் தூமான் பாயை கெய்ரோவின் பாபு ஸுவைலா வாசலில் தூக்கிலிட்ட கதை அது. தூக்கிலிட்டது பொய்யல்ல. இரு பக்கமும் முஸ்லிம்கள். இரு பக்கத்துத் தொடரிலும் பாங்கு கேட்கிறது. இஸ்தான்பூலில் எடுத்தால் உஸ்மானியர் நல்லவர். அரபுப் பணத்தில் எடுத்தால் கொடியவர். நடுவில் இருந்து அழுபவர்கள் காத்தான்குடியிலும் அக்குறணையிலும் இருக்கும் நாம்.

சரித்திரப் பிழைகளைத் திருத்திவிடலாம். அதற்கு வகுப்பும் புத்தகமும் இருக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு.

கண்டி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த வீட்டுச் சிங்கள அக்கா வழக்கம்போல் தட்டில் கிரிபத்தும் கவுமும் கொக்கிஸும் கொண்டு வந்து கொடுத்தாராம். அவர் போனதும் ஒன்பது வயது மகன் தட்டைத் தொடாமல் நின்று, "உம்மா, இவ டிராகோஸ்ட ஆளா இருந்தா?" என்று கேட்டானாம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யார் இந்த டிராகோஸ்? ஐந்தாம் பருவத்தில் ஸோயுத் தேவாலயத்தில் மணியடிக்கும் ஏழை. யார் கண்ணுக்கும் படாத அப்பாவி. பார்த்தால் அவனே எதிரிகளின் தலைவன்! நாடகம் முழுவதும் இதுதான் சூத்திரம். முதல் பருவத்தில் கூடவே இருக்கும் குர்தோலு துரோகி. அடுத்ததில் வேறொருவர். கடைக்காரன் ஒற்றன், வேலைக்காரி ஒற்றாள், நோய் தீர்க்க வந்தவள் நஞ்சு வைப்பவள். அயலவன் சிரித்தால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் கத்தி. நல்ல கிறிஸ்தவர் எவரேனும் வந்தாலும் அவர் நெடுநாள் கிறிஸ்தவராக இருக்க மாட்டார். நான்காம் பருவத்து ஆரெஸ் கலிமாச் சொல்லி அஹ்மதாகி விடுகிறார். நல்லவராகவும் வேற்று மதத்தவராகவும் கடைசி வரை ஒருவர் இருக்கலாம் என்பதற்கு அங்கே இடம் குறைவு.

சகோதரிகளே, இந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம்மவர்களை விடுதலைப் புலிகள் விரட்டியபோது சொல்லப்பட்டது என்ன? காட்டிக் கொடுப்பவர்கள், ஒற்றர்கள் என்பதுதானே! தலைமுறை தலைமுறையாக ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்தில் இதைப் படிக்கும் தாய்மாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, நம் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்த சில பாவிகள் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் தொழுகைக்கு வந்தவர்களைக் கொன்றார்கள். ஹோட்டல்களிலும் சேர்த்து 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அதற்குப் பிறகு நமக்கு நடந்தது என்ன? நேற்று வரை "நானா" என்று கூப்பிட்டவன் கடைக்கு வரவில்லை. அபாயா உடுத்த நம் பிள்ளைகளின் கைப்பையைப் பஸ்ஸில் வெறித்துப் பார்த்தார்கள். அப்பாவிபோல் இருக்கும் அயலவன்தான் எதிரி என்று அன்று அவர்கள் நம்மைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் கூர்மை நம் உடம்பில் இன்னும் ஆறவில்லை. அதே கண்ணாடியை நாமே நம் பிள்ளைக்கு, இரவு எட்டு மணிக்கு, சோற்றுக் கோப்பையோடு மாட்டி விடலாமா?

நம் ஸீராவில் இந்தப் பார்வை இல்லை. மக்காவின் கொடுமை தாங்காமல் ஹபஷாவுக்குப் போன ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் கொடுத்த நஜ்ஜாஷி மன்னர் அப்போது ஒரு கிறிஸ்தவ அரசர். திருப்பி அனுப்பும்படி குறைஷிகள் பரிசுகளோடு போய்க் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. அந்த அவையில் நடந்ததை நமக்கு விவரமாகச் சொன்னவர் ஒரு பெண், உம்மு ஸலமா (ரழி) அவர்கள். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களுக்குப் பாலைவனத்தில் வழி காட்டிய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அந்நேரம் முஸ்லிமல்ல. தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்த அந்த நாட்களில் எத்தனை பெரிய நம்பிக்கை! நம் நாட்டிலும் 1626 அளவில் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, ஏற்றுக்கொண்டு கிழக்கில் குடியேற்றியவன் கண்டியின் பௌத்த மன்னன் செனரத். இதை நாடகமாக எடுக்க யாரும் இல்லை. ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் வேண்டாம், அது ஓதுகிற நேரம். தலை வெட்டும் காட்சிகள் பத்து வயதுக்குக் கீழே உள்ள எந்தப் பிள்ளைக்கும் கூடாது. பலகையில் கோடரி செய்து ஒழுங்கையில் "நான் துர்குத்" என்று தம்பியின் நெற்றியைப் பிளந்த பையன்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பாகம் முடிந்ததும், இதில் நடந்தது எது, கட்டியது எது என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, கேள்வி பழக வேண்டும்.

அந்தக் கண்டிச் சகோதரி, மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தார். எர்துருலின் வீட்டிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஆஷிக் பாஷா ஸாதா என்பவர் எழுதிய உஸ்மானிய வரலாற்று நூலில் வருவது. உஸ்மானுடைய மக்கள் கோடை காலத்தில் மலை மேய்ச்சலுக்குப் போகும்போது வீட்டுப் பெறுமதிகளைச் சுமந்துகொண்டு போக முடியாது. பக்கத்தில் பிலேஜிக் என்ற கோட்டை. அதன் தலைவன் கிரேக்கக் கிறிஸ்தவன். பொருட்களை மாடுகளில் ஏற்றி அந்தக் கோட்டையில் அமானிதமாக வைத்துவிட்டுப் போவார்கள். ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஆயுதமில்லாத பெண்கள். மலையிலிருந்து இறங்கியதும் பாலாடைக்கட்டி, கம்பளம், ஆட்டுக்குட்டி என்று அந்தக் கோட்டைக்கு அன்பளிப்பு போகும். ஹர்மன்காயாவின் கிறிஸ்தவத் தலைவர் கோசெ மிஹால் உஸ்மானின் தோழராகவே கூடச் சவாரி செய்தார். பிற்காலத்தில்தான் அவர் இஸ்லாத்துக்கு வந்தார். பிலேஜிக்கின் கதை நல்லபடி முடியவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருவருக்கும் இடையில் பகை வந்து, பெண்கள் வேடத்தில் ஆட்களை அனுப்பி உஸ்மான் அந்தக் கோட்டையைப் பிடித்தார் என்று அதே நூல்தான் சொல்கிறது. ஆனால் அதற்கு முன் எத்தனையோ கோடைகள் அந்தப் பெண்கள் தங்கள் நகையையும் பாத்திரத்தையும் வேற்று மதத்தவன் வீட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக மலையேறினார்கள். மகனுக்கு இதைச் சொல்லுங்கள். பெருநாளைக்கு அந்தச் சிங்கள அக்கா வீட்டுக்கு வட்டிலப்பத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். அவர் தட்டு இன்னும் உங்கள் அடுப்படியில்தான் இருக்கும்.